ஒன்று புள்ளி நான்கு டெரா

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வளையல் கடைக்கு மேல் மாடியில், சிங்கைத் தமிழ்க் குரல் காப்பு மன்றம் இயங்கி வந்தது. இங்கே வாழும் தமிழர்களைப் பேசவைத்து, அதைப் படம்பிடித்துப் பாதுகாப்பதுதான் மன்றத்தின் நோக்கம். அதற்காக ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஐந்து அணிகள், ஒரு கொடி, ஒரு பாடல் எல்லாம் ஏற்படுத்தியிருந்தார்கள். படம்பிடிக்க மட்டும் ஒரே ஒருவர் இருந்தார். அவர் பெயர் பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. தெம்பனிஸில் ஒரு பள்ளியின் கணினி அறையில் இருபது ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். வேலையை விட்டபின் தொண்டூழியப் பதிவாளராக மன்றத்துக்கு வந்தார். நான்கு ஆண்டுகளில் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேசவைத்திருந்தார். கப்பல் பட்டறை வெல்டர்கள், தாதியர், தேக்கா ஈரச்சந்தையில் ஆடு வெட்டுபவர், மகனுக்குத் தெரியாமல் வந்து பேசிவிட்டுப் போன ஒரு முன்னாள் கைதி.

அவர்களில் ஒருவர் சம்சுன்னிசா. தேக்காவில் முப்பது வருடம் மீ கோரெங் எனும் வறுத்த நூடுல்ஸ் கடை நடத்தியவர். நான்கு மணி நேரம் பேசினார். பேசி எட்டு மாதத்தில் இறந்துபோனார். அவர் கணவர் முகமது யூசுப், ஓய்வு பெற்ற டாக்சி ஓட்டுநர், உட்லண்ட்ஸில் இருந்தார். மனைவியின் பதிவைப் பார்க்க வேண்டும் என்று மன்றத்துக்கு விண்ணப்பம் போட்டார். பதினைந்து நாளில் பதில் வந்தது. விதி ஒன்பதின்படி, பதிவைக் கேட்பதற்குப் பேசியவரே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

யூசுப் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஞ்சவர்ணத்திடம் வந்தார்.

"தங்கச்சி, இவங்களுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?"

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் பாய். அடுத்த கூட்டத்துல நான் பேசுறேன். பதிவு எங்கேயும் போயிடாது, பத்திரமா இருக்கு" என்றார் பஞ்சவர்ணம்.

அப்போது அது உண்மைதான்.

பதிவுகளெல்லாம் பதினொரு பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்தன. இரண்டு ஏற்கெனவே டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக வைக்க ஒரு பெரிய டிஸ்க் வேண்டும் என்று பஞ்சவர்ணம் ஒன்றரை ஆண்டாகக் கேட்டு வந்தார். கடைசியில் ஒரு நகைக்கடைக்காரர் நன்கொடையாகத் தந்தார். பதினாறு டெராபைட். பெட்டியின் மேலேயே பெரிதாகப் போட்டிருந்தது.

மன்றம் அதற்குத் திறப்பு விழா வைத்தது. தலைவர் ரத்னவேல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பொன்னாடை போர்த்தினார். டிஸ்க் சிறியது, பொன்னாடை பெரியது. நான்காக மடித்துப் போர்த்த வேண்டியிருந்தது.

மன்றத்தின் கணினி மிகப் பழையது. வேறு எதுவும் அதில் ஓடாததால் பஞ்சவர்ணம்தான் லினக்ஸ் இயங்குதளம் போட்டு அதற்கு உயிர் கொடுத்திருந்தார். புது டிஸ்க்கைச் செருகினார். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தார்.

"ஐயா, இதுல முதல்ல ஓர் அட்டவணை எழுதணும். எந்தப் பகுதி எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு. பெரிய டிஸ்க்குக்குப் புது வகை அட்டவணை வேணும். ஒரு நிமிஷம், நான் அதைத் தேர்ந்தெடுத்துக் குடுத்துடுறேன்."

"திறப்பு விழான்னா தலைவர்தான்மா அழுத்தணும்" என்றார் ரத்னவேல்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கணினி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்டர் பொத்தானை அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் கைதட்டல். புகைப்படக்காரர் கேட்டதற்காக இரண்டு முறை கூடுதலாகவும் அழுத்தினார். எதையும் சொல்லாமல் அழுத்திக்கொண்டே போனால் அந்தப் பழைய கணினி பழைய வகை அட்டவணையைத்தான் எழுதும். அந்த வகைக்கு இரண்டு டெராவுக்கு மேல் எண்ணத் தெரியாது. திரையில் 2T என்று வந்தது.

"பதினாறு எங்க?" என்றார் தலைவர்.

"இருக்குய்யா. இது பழைய அட்டவணை. ரெண்டுக்கு மேல அதால பார்க்க முடியாது."

"இருக்கிறதைப் பார்க்க முடியாதா?"

அவையில் சலசலப்பு. நல்லவேளையாக அந்த நேரம் வடை வந்தது. எல்லாரும் வடையை நோக்கிப் போனபின், பஞ்சவர்ணம் உட்கார்ந்து ஜிபிடி எனப்படும் புது வகை அட்டவணையை எழுதினார். ஐந்து நிமிட வேலை. இப்போது 14.6T என்று காட்டியது. பன்னிரண்டு டெராவுக்கு மேல் மீட்டுவிட்ட திருப்தியோடு தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ரத்னவேல் பெட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்.

"நான் வடை சாப்பிடப் போனப்ப இங்க யார் யார் இருந்தாங்க?"

"நான் மட்டும்தான்யா."

"ஓகோ" என்றார் தலைவர்.

அடுத்த இரண்டு வாரம் பஞ்சவர்ணம் பதினொரு டிஸ்க்குகளிலிருந்தும் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றினார். மாற்றி முடித்த மறுநாள் மன்றத்தின் தூய்மை வாரம் தொடங்கியது. பழைய டிஸ்க்குகள் அறைக்கு அழகல்ல என்று அவற்றை மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அவற்றை வைத்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு பெரிய டிஸ்க்கில் நகல் வேண்டும் என்று பஞ்சவர்ணம் இரண்டு கடிதம் எழுதினார். "இருக்கும் பதினாறே நிரம்பவில்லை. இருக்கும் பதினாறே பதினாறாக இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது" என்று பதில் வந்தது. வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ளவும் அனுமதி கேட்டார். மன்றத்தின் குரல் மன்றத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள்.

செயற்குழுக் கூட்டத்தில் முதல் பொருள், காணாமல் போன ஒன்று புள்ளி நான்கு டெரா. பஞ்சவர்ணம் எழுந்து நின்று விளக்கினார்.

"ஒண்ணும் காணாமப் போகலீங்க. டிஸ்க் செய்றவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க. கணினி ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. தேக்காவுல மீன் வாங்குறோம். கிலோவுல நிறுத்தா பத்து. அந்தக் காலத்து 'கட்டி'ங்கிற எடைக் கணக்குல நிறுத்தா பதினாறரை. மீன் அதேதான். எண்தான் வேற."

துணைத் தலைவர் செல்லக்கண்ணு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முன்பு பள்ளியில் ஒழுங்கு ஆசிரியராக இருந்தவர். சட்டைப் பையில் இன்னும் சிவப்புப் பேனாதான் வைத்திருந்தார்.

"மீன் யார் வாங்குனது?" என்றார்.

"உதாரணத்துக்குச் சொன்னேன் சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஆறரை கட்டி மீன் அதிகமா வந்திருக்குன்னு நீங்களே சொல்றீங்க. எங்கேயிருந்து வந்துச்சு?"

கூட்ட அறிக்கையில், 'பதிவாளர் மீன் தொடர்பாக முரணான தகவல் அளித்தார்' என்று எழுதினார்கள். செல்லக்கண்ணு தலைமையில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவும் அமைத்தார்கள். யூசுப்பின் விண்ணப்பத்தைப் பற்றிப் பஞ்சவர்ணம் வாயெடுத்தபோது, விசாரணை முடியும்வரை அவர் எந்தப் பொருளும் எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக் குழு கடமையில் குறை வைக்கவில்லை. முதல் நாள் பஞ்சவர்ணத்தின் கைப்பையைச் சோதித்தது. ஒரு குடை, இருமல் மிட்டாய், பயண அட்டை. இரண்டாம் நாள் டிஸ்க்கைக் கழற்றி, நன்கொடை தந்தவரின் நகைக்கடைக்கே எடுத்துப்போய்த் தராசில் வைத்தது. அறுநூற்றுத் தொண்ணூறு கிராம். அதே வகைப் புது டிஸ்க் ஒன்றை சிம் லிம் பக்கத்துக் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்து அதையும் நிறுத்தார்கள். அதுவும் அறுநூற்றுத் தொண்ணூறு.

"அப்ப எடை சரியா இருக்கே சார்?" என்றார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நகைக்கடைக் கணக்கர்.

"அதுதான் கவலையா இருக்கு" என்றார் செல்லக்கண்ணு. "எடை குறையாம எடுத்திருக்காங்க."

பஞ்சவர்ணத்துக்கு இதில் பெரிய பயம் இல்லை. ஏனென்றால் அசோக் இருந்தான்.

அசோக் முப்பத்தொரு வயது மென்பொருள் பொறியாளன். திருச்சியிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் யாரும் இல்லாமல் அறையில் முடங்கிக் கிடந்தவனை மன்றத்துக்கு அழைத்து வந்தவர் பஞ்சவர்ணம்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் கொண்டுபோய்க் கொடுத்தவர். இப்போது அவன் துணைச் செயலாளர். தேக்கா உணவங்காடியில் இருவரும் தே எனும் பால் தேநீர் குடித்தார்கள்.

"இதெல்லாம் கேவலம் அக்கா" என்றான் அசோக். "ஆயிரத்துல எண்ணுற டெராபைட் வேற, ஆயிரத்து இருபத்து நாலுல எண்ணுற டெபிபைட் வேற. காலேஜ்ல முதல் வருஷப் பாடம். விசாரணைல என்னைக் கூப்பிடுங்க. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுறேன்."

"நீ சொன்னா நம்புவாங்கடா. நான் சொன்னா மீன் கதை ஆகிடுது."

"கவலைப்படாதீங்க. நான் இருக்கேன்ல" என்று சொல்லி, அவர் தட்டிலிருந்த கடைசி வெங்காயப் பஜ்ஜியை உரிமையோடு எடுத்துக்கொண்டான்.

விசாரணை ஒரு சனிக்கிழமைக் காலை நடந்தது. மேசையில் சிவப்பு விரிப்பு, நடுவில் டிஸ்க். செல்லக்கண்ணு முதல் கேள்வியைக் கேட்டார்.

"இந்த டிஸ்க்குல இப்ப என்ன வகை அட்டவணை இருக்கு?"

"ஜிபிடி சார்."

ரத்னவேல் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜிபிடியா? கேட்டா கட்டுரை எழுதித் தருதே, அந்த அரட்டை இயந்திரமா?"

"இல்லீங்கய்யா. அது வேற ஜிபிடி. இது அட்டவணைக்குப் பேரு."

ரத்னவேல் எழுந்துவிட்டார். விசாரணை என்பதை மறந்து மேடைத் தமிழுக்குப் போய்விட்டார்.

"நம் மக்களின் குரலை, நம் உயிரினும் மேலான குரலை, ஓர் இயந்திரத்தின் வாயில் ஊட்டிவிட்டார்கள்! அது தின்றதுதான் அந்த ஒன்று புள்ளி நான்கு! இந்த மன்றத்தின் தலைவராக நான் ஒன்று சொல்கிறேன். இந்தக் குரல்களில் ஒன்றைக்கூட நான் இதுவரை கேட்டதில்லை. கேட்காமலே அவற்றின் பெருமையை உணர்ந்தவன் நான்!"

கைதட்டினார்கள். பஞ்சவர்ணம் அசோக்கைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு."

எல்லாரும் அசோக்கை நோக்கித் திரும்பினார்கள். அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பஞ்சவர்ணம் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"தலைவர் அவர்களின் கவலை நியாயமானது" என்றான் அசோக். "தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால், இரண்டு ஜிபிடிக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை. தொடர்பு இல்லை என்பதற்கும் இந்த அறையில் ஆதாரம் இல்லை. பாதுகாப்பு கருதி மறுஆய்வு செய்வது நல்லது."

"டேய்" என்றார் பஞ்சவர்ணம்.

"அவையில் 'டேய்' கூடாது" என்றார் செல்லக்கண்ணு, சிவப்புப் பேனாவால் அதையும் எழுதிக்கொண்டே.

அன்றே தீர்மானம் நிறைவேறியது. டிஸ்க்கிலிருந்து ஜிபிடி அறவே நீக்கப்படும். தலைவர் தம் கையால் எழுதிய மரபான அட்டவணையே மீண்டும் வைக்கப்படும். அந்தப் பழைய அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுதிகள்தான் பிரிக்க முடியும் என்று அசோக் தெரிவித்ததும் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. மன்றத்தில் அணிகள் ஐந்து. தலைமையகம், இலக்கிய அணி, இளையர் அணி மூன்றும் முதன்மை பெற்றன. விழாக் குழுவுக்குக் கிடைத்த நான்காவது இடத்தை நீட்டிப்புப் பகுதியாக்கி, மகளிர் அணியை அதற்குள்ளே ஓர் உட்பகுதியாகச் சேர்த்தார்கள். எல்லாம் அந்த இரண்டு டெராவுக்குள்.

"மக்கள் பேசினது எட்டு டெரா இருக்கு. அது எந்தப் பகுதிக்குப் போகுது?" என்று கேட்டார் பஞ்சவர்ணம்.

"மிச்சம் இருந்தா பார்ப்போம்மா" என்றார் தலைவர், கனிவாகவே.

இந்த வேலையை முடிக்க எண்ணியல் அணி என்று ஆறாவது அணி ஒன்றையும் தொடங்கினார்கள். அதன் தலைவர், அசோக்.

படிக்கட்டில் பஞ்சவர்ணம் அவனை மறித்தார்.

"நீ ஏன்டா இப்படி?"

"அக்கா, அங்க நேரா எதிர்த்துப் பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. உள்ள இருந்துதான் மாத்த முடியும். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. காப்பி எடுக்காம நான் எதையும் தொட மாட்டேன். ப்ராமிஸ்."

"எட்டு டெராவையும்?"

"ப்ராமிஸ்க்கா."

அவர் நம்பினார். பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தபோதும், அந்தப் படிக்கட்டில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை. மன்றச் சாவியை முன்பே வாங்கிவிட்டிருந்தார்கள்.

மூன்றாவது நாள் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ரத்னவேல் கணினி முன் உட்கார்ந்து என்டர் பொத்தானில் விரல் வைத்திருந்தார். ஒரு துளி ஜிபிடிகூட மிஞ்சக் கூடாது என்று தலைவர் ஆணையிட்டபடி, டிஸ்க் முழுவதும் தொடக்கம் முதல் முடிவு வரை சுழியத்தால் எழுதித் தூய்மைப்படுத்தப்படுகிறது, பணி இருபத்திரண்டு மணி நேரம் நடைபெறும் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே நாற்பத்தேழு கட்டைவிரல்கள்.

மறுநாள் பிற்பகல்தான் பஞ்சவர்ணம் அதைப் பார்த்தார். உடனே அசோக்கை அழைத்தார். ஏழாவது முறை எடுத்தான்.

"காப்பி எடுத்தியா?"

"எடுத்தேன்க்கா."

"முழுசா?"

அசோக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என்கிட்ட ரெண்டு டெரா டிஸ்க்தான்க்கா இருந்துச்சு. ஐயாவோட உரைகள், திறப்பு விழா, ஆண்டு விழா, எல்லாம் சேர்ந்தே ஒண்ணே முக்கால் வந்துடுச்சு."

"சம்சுன்னிசா?"

"அக்கா, நான் மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் கூப்பிடுறேன்."

அவன் கூப்பிடவில்லை. பஞ்சவர்ணம் மன்றத்துக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. உள்ளே கணினி ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தார். கேட்கவில்லை. இருபத்திரண்டு மணி நேரம் காலையிலேயே முடிந்துவிட்டிருந்தது. கீழே வளையல் கடையில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் படியில் உட்கார்ந்து, நாற்பத்தேழு கட்டைவிரல்களில் அசோக்கின் விரலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார். முதல் விரலே அவனுடையது.

ஒரு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. விசாரணைக் குழு நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒன்று புள்ளி நான்கு டெராவை முழுமையாகத் தள்ளுபடி செய்கிறது. பதிவாளரின் நான்கு ஆண்டுத் தொண்டைக் கருத்தில் கொண்டு, மன்றம் அவரைப் பெருந்தன்மையோடு மன்னிக்கிறது. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இணைப்பில் கையெழுத்திட்டு அனுப்பவும். கீழே தலைவர், துணைத் தலைவர், எண்ணியல் அணித் தலைவர் மூவரின் கையெழுத்தும் மன்றத்தின் சாப்பு முத்திரையும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் யார் சொல்வது என்று கடிதத்தில் எதுவும் இல்லை. பஞ்சவர்ணம் ஒரு நோட்டில் பெயர்களை எழுதினார். உட்லண்ட்ஸிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தார்.

யூசுப் ஒன்பதாவது மாடியில் இருந்தார். கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. பதிவைக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலிகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.

"வேண்டாம் பாய். உக்காருங்க."

பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் சொன்னார். டிஸ்க், வடை, மீன், தராசு, ஜிபிடி. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்த இடங்களில் யூசுப் சிரிக்கவில்லை. கடைசியில், அழித்துவிட்டார்கள் என்று சொன்னபோது, கைலியின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பத்திரமா இருக்குன்னு நீதானே சொன்னே."

"ஆமா பாய். நான்தான் சொன்னேன்."

யூசுப் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே மலேசியா போகும் ஜொகூர் பாலத்தை நோக்கி லாரிகள் வரிசையில் நின்றன.

"சரி, மன்னிப்பாச்சும் கேட்டாங்களா?"

"என்னை மன்னிச்சிருக்காங்க."

யூசுப்புக்கு அது புரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பஞ்சவர்ணம் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஒரு வரி விடாமல் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"நீ கூட இருந்தேல்ல, அவ பேசினப்போ?"

"நாலு மணி நேரமும்."

"என்ன சொன்னா?"

பஞ்சவர்ணம் சொன்னார். கடை எடுத்த வருடம், முதல் நாள் விற்காத மீயை இருவரும் வீட்டில் மூன்று நாள் தின்றது, டாக்சி ஓட்டிக்கொண்டே யூசுப் அழைக்க மறந்துவிட்ட மகளைச் சம்சுன்னிசா பள்ளிக்குப் போய் அழைத்து வந்தது, மருத்துவமனை, கடையை வேறொருவரிடம் ஒப்படைத்த காலை. நினைவுக்கு வந்த வரிசையில், நினைவுக்கு வந்த சொற்களில். யூசுப் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பஞ்சவர்ணத்திடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"சிரிச்சாளா?" என்றார் யூசுப்.

"நல்லா சிரிச்சாங்க பாய். கேமரா ஆடுற அளவுக்கு நானும் சிரிச்சேன்."

"எதைச் சொல்லிச் சிரிச்சா?"

பஞ்சவர்ணம் யோசித்தார். அந்தச் சிரிப்பு கண் முன்னே இருந்தது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டது, மேசையைத் தட்டியது, "ஐயோ இதைப் போடாதம்மா" என்றது எல்லாம் இருந்தது. எதைச் சொன்னார் என்பது மட்டும் வரவில்லை. யூசுப் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"இரு, தே போட்டுக் கொண்டாரேன். மெதுவா யோசி" என்று எழுந்து உள்ளே போனார்.

தே வந்தது. ஆறியும் போனது. பஞ்சவர்ணத்துக்கு நினைவு வரவில்லை.